செக்கு நின்ற நாள்

கோவையில் அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி எல்லோருக்கும் மனப்பாடம். மருந்து முதலில் உயிரணுவுக்கு. அப்புறம்தான் ஆளுக்கு.

நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் சக்தி உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். கண்ணாடித் தட்டில் வைத்து, ஊட்டம் கொடுத்து, உடம்புச் சூட்டிலேயே வளர்ப்பார்கள். எந்த மருந்தானாலும் அவைதான் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும். அவை தாங்கினால் ஆள் குடிக்கலாம். ராஜாவுக்கு முன்னால் சோற்றை ருசி பார்க்க ஓர் ஆள் இருப்பானே, அந்த மாதிரி என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஹக்கீம் சொல்லிக்கொடுப்பான். என்ன, இங்கே ருசி பார்ப்பவனும் ராஜாவும் ஒரே ஆள்.

ஹக்கீமுக்கு அடுத்த மேஜை நவநீதனுடையது. இருவருக்கும் உயிரணு வளர்ப்புதான் வேலை. ஞாயிறு, பொங்கல், பந்த் எதுவும் கிடையாது. தட்டில் இருப்பவற்றுக்குப் பசி எடுத்தால் வந்து ஊட்ட வேண்டும். நவநீதனின் மனைவி மிருதுளா இறந்து வருஷம் திரும்பப் போகிறது. அவளுடைய உயிரணுக்கள் கொஞ்சம் அங்கேதான் இருந்தன. திரவ நைட்ரஜன் தொட்டிக்குள், விரல் நீளக் குப்பி ஒன்றில் உறைந்திருந்தன. தன் இருக்கைக்கு அவன் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போவான். நின்றதில்லை.

மிருதுளாவுக்கு வந்தது நாட்பட்ட சோர்வு நோய். கல்யாணமான மறு வருஷம் ஒரு காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. தலை வாரிக்கொண்டால் அரை நாள் படுக்க வேண்டியிருந்தது. குளித்துவிட்டு வந்தால் பேச்சு வராது. பார்க்கிற டாக்டரெல்லாம் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வரும். அப்படி வந்தபோதெல்லாம் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள்.

உறவில் அவளுக்கு 'உடம்பு வணங்காதவ' என்று பெயர் விழுந்தது. நவநீதனின் பெரியத்தை ஒருத்தி, தங்கள் காலத்தில் அசதிக்கு விளக்குமாறுதான் மருந்து என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். அவன் அம்மா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. ஆனால் மருமகள் படுத்திருக்கும்போது பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

காரணத்தைக் கடைசியில் கண்டுபிடித்தது நவநீதன் வேலை பார்த்த இடமேதான். தலைமை ஆய்வாளர் வசுந்தரா வீட்டுக்கே வந்து, கட்டில் ஓரத்தில் அமர்ந்து, மிருதுளாவிடம் சொன்னார்.

"உன் செல்லுல ஒரு கதவு இருக்கும்மா. கால்சியம் உள்ள போற கதவு. கிருமியோட சண்டைக்குக் கெளம்பணும்னா அது நல்லாத் திறக்கணும். உன் மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால பாதிக் கதவுதான் திறக்குது. அதோட அந்தச் செல்லு சண்டையும் போடுது, கதவையும் தள்ளுது. உடம்பு பூரா அந்தச் செலவுதான்."

மிருதுளா கூரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா மேடம்?"

"நீ மத்தவங்களை விட ரெண்டு மடங்கு உழைக்கறே."

"அதை லெட்டர்ஹெட்ல எழுதி, சீல் வெச்சுக் குடுத்துருங்க. எங்க பெரியத்தைக்கு பிரேம் போட்டுக் குடுக்கறேன்."

வசுந்தரா சிரித்துவிட்டார். அந்த நோயில் அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே பெரிது என்று நவநீதனுக்கு மட்டும் தெரியும். அன்று மாலை வரை அவள் கண் திறக்கவில்லை.

மருந்தைச் சோதிக்க அங்கே ஓர் இயந்திரம் இருந்தது. வட்டமான வாய்க்காலில் உயிரணுக்கள் சுற்றிச் சுற்றி வரும். வழியில் போலி எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேரை வீழ்த்தின என்று இயந்திரம் எண்ணும். நல்ல உயிரணு சலிக்காமல் சுற்றும். மிருதுளாவுடையது நாலு சுற்றிலேயே துவண்டுவிடும். இயந்திரத்தின் உண்மையான பெயர் நீளமானது, ஜெர்மன்காரர்கள் வைத்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைச் செக்கு என்றார்கள்.

அந்த எழுத்து மாறியவர்களின் உயிரணுக்கள் தட்டில் பிழைத்து நிற்பதே அபூர்வம். மிருதுளாவுடையது நின்றது. மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் செக்கில் விட்டார்கள். ஒவ்வொன்றாகத் தோற்றன. உயிரணுக்களும் தீர்ந்துகொண்டே வந்தன. அவசரத்துக்கென்று ஒரு குப்பியைத் தொடாமல் எடுத்து வைப்பது வழக்கம். அதை விட்டால் ஒரே ஒரு தட்டுதான் மிச்சம் என்ற நிலையில் பதினெட்டாவது மருந்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை, பதினெட்டுதான். துவண்டு கிடந்த உயிரணுக்கள் எழுந்தன. எண்ணிக்கை ஏறியது. கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. நவநீதன் அந்தக் கோட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். அவளுக்குத் திரை வெளிச்சம் ஆகாது. அவன் அம்மா பார்த்து, மேலே போகிறது என்று அவளுக்குச் சொன்னார்.

தீபாவளி முடிந்ததும் மிருதுளா பதினெட்டைக் குடித்தாள். எழுந்தாள். தானாகக் குளித்தாள். மாடிப்படி ஏறினாள். தெருவே பார்த்தது. மார்கழியில் ஒரு நாள் காலை, அடுப்படியில், கையில் கரண்டியோடு விழுந்தாள். நவநீதன் ஓடி வருவதற்குள் உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பழைய காய்ச்சல் இதயத்தில் விட்டுப்போன வடு என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினெட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கடைசியில் சில வாரமாவது சந்தோஷமாக நடமாடினாளே, அது போதும் என்றார்கள். நவநீதன் தலையாட்டினான்.

அடுத்து, வருகிற தீபாவளி கழிந்ததும், அந்த மருந்து ஜெசிந்தாவுக்கு என்று முடிவாகியிருந்தது. அவளுக்கும் அதே எழுத்து மாறியிருந்தது. போத்தனூரில் அம்மாவோடு இருந்தாள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள், இரண்டு வருஷமாக ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில், கண் மேல் ஈரத்துணியோடு கிடந்தாள். அவளுடைய உயிரணுக்கள் தட்டில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பரவாயில்லை, மிருதுளாவின் தட்டு ஜெயித்ததே, எழுத்து ஒன்றுதானே என்று, மருந்துக்கு அனுமதி தருகிற குழு ஒப்புக்கொண்டது. அவளுக்குப் பின்னால் மதுரையில், சேலத்தில், திருநெல்வேலியில் இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

ஆடி மாதம் ரத்தம் எடுக்கப் போனபோது அவள் நவநீதனிடம் மருந்து வேலை செய்யுமா என்று கேட்டாள். செய்யும் என்றான். நான் என் கண்ணால் பார்த்தேன் என்றான்.

ஆயுத பூஜை வந்தது. கோவைக்கு அதுதான் தீபாவளிக்கு முந்திய தீபாவளி. லேத் பட்டறைகளைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள். சாலை முனைதோறும் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு. இன்குபேட்டருக்கு மாலை. உறைதொட்டியையும் இன்குபேட்டரையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துத் திரும்பப் போடுவார்கள்.

பூஜை ஏற்பாடு எப்போதும் ஹக்கீமுடையது. எல்லா மதத்துக்கும் பொதுவான தெய்வம் பொரிகடலைதான் என்பான். அன்றும் பொரி மூட்டையை மேஜையில் வைத்துவிட்டு, செக்கின் நெற்றியில் சந்தனத்தை அப்பினான். குனிந்து அதன் பிளக்கைப் பிடுங்கினான்.

"வருஷம் பூராச் சுத்தறான் மாப்ள. ஒரு நாளு தூங்கட்டும்."

வாய்க்காலில் சுற்றிக்கொண்டிருந்தவை மெல்ல நின்றன. நவநீதன் கையில் வாங்கிய பொரியோடு அதையே பார்த்தான்.

"உள்ள செல்லு இருக்குதே."

"இருக்கட்டும். சூடு தனி லைன். ஊட்டம் தனி லைன். சுத்தறது மட்டுந்தான் நிக்கும்."

"போன வருஷமும் நிறுத்துனோமா?"

"எந்த வருஷம் நிறுத்தாம இருந்தோம்? ஆயுத பூஜையன்னிக்கு ஆயுதத்தை எடுத்தா வெளங்குமா?"

நவநீதன் பொரியைத் திரும்ப மூட்டையில் போட்டான். போன வருஷம் பதினெட்டை அவன்தான் ஊற்றினான். ஊற்றிய மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. மிருதுளாவோடு வீட்டில் இருந்தான். விஜயதசமியன்று மதியம் வந்து பார்த்தபோதுதான் கோடு ஏறத் தொடங்கியிருந்தது.

மறுநாள் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் அவன் வசுந்தராவின் அறைக்குப் போனான். சொன்னான். அவர் பழைய வரைபடத்தைத் திரையில் விரித்தார். கோட்டில் ஒரு வெட்டும் இல்லை. விழுந்துகொண்டே வந்தது, மருந்து ஊற்றிய இடத்தில் திரும்பி ஏறியது.

"நடுவுல நின்னதே தெரியலையே நவநீதன்."

"தெரியாதுங்க மேடம். செக்கு ஓடுற நேரத்தைத்தான் அது எண்ணும். நின்ன நேரம் அதுக்கு நேரமே இல்லை. நிறுத்துறதுக்கு முந்தின புள்ளியையும் அப்பறம் வந்த புள்ளியையும் சேத்து வெச்சுக் கோடு போட்டுருச்சு."

"நாமளும் யாரும் சொல்லலை."

"பூஜைக்கு நிறுத்தறதை யாருங்க மேடம் சொல்லுவா? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தோம்னு எழுதுவோமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஜெர்மனியில் செய்தவனுக்கு இயந்திரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டு என்று எப்படித் தோன்றியிருக்கும் என்றார். அப்படியானால் உயிரணுக்களை எழுப்பியது பதினெட்டு இல்லையா என்று கேட்டார்.

"ஓய்வா இருக்கலாம். ஒரு பகல், ஒரு ராத்திரி யாரும் அதுகளை வேலை வாங்கலை. சூடு இருந்துச்சு, சோறு இருந்துச்சு. மருந்தும் ஏதோ பண்ணியிருக்கும். எது பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியாது."

"ஓய்வு இல்லாத உடம்புல பதினெட்டு என்ன பண்ணும்?"

நவநீதன் அடுப்படியை நினைத்தான். அவரும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்தேகம் என்று ஒரு வரி எழுதினால் போதாது என்றார். மருந்து கைக்கு வந்தாயிற்று, காத்திருப்பவர்களிடம் சொல்லியாயிற்று. ஆதாரம் இல்லாமல் குழு நிறுத்தாது. ஆதாரம் வேண்டுமானால் அதே உயிரணுக்களுக்கு அதே மருந்தைக் கொடுத்து, செக்கை நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் செய்ய வேண்டும். அந்த உயிரணுக்கள் உலகத்தில் ஒரு குப்பியில்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் செய்யலாமே என்று அவன் கேட்டான். மருந்து இல்லாமல், ஓய்வு மட்டும் கொடுத்துப் பார்க்கலாமே. உயிரணுக்கள் அப்போதும் எழுந்தால் அதுவும் ஆதாரம்தானே. அப்படிச் செய்தால் அவை பிழைத்தும் இருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. வசுந்தராவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். மெதுவாகப் பேசினார்.

"ஓய்வு நல்லதுன்னு காட்டினா, சரி, மருந்தும் நல்லது, ஓய்வும் நல்லதுன்னு சொல்லிடுவாங்க. மருந்து ஆபத்துன்னு அது காட்டாது. ரெண்டையும் பண்ண ஒரு குப்பி பத்தாது. ஜெசிந்தா பதினெட்டைக் குடிக்காம இருக்கணும்னா ஒரு வழிதான் இருக்கு. ஆனா அந்தச் செல்லு மேல உரிமை உனக்குத்தான். நீ வேண்டாம்னா நான் தொட மாட்டேன்."

யோசித்துச் சொல்லும்படி அனுப்பிவைத்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஹக்கீமிடம் சொன்னான். ஹக்கீம் டப்பாவை மூடி வைத்துவிட்டான். பிளக்கைப் பிடுங்கின கை அவனுடையது. அதை நவநீதன் சொல்லவில்லை, அவனாகவே சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீ வாயைத் தொறக்காட்டி யாருக்கும் தெரியாது மாப்ள. அந்தக் குப்பி அங்கயே இருக்கும். அவ போனது காய்ச்சல்ல போனதாவே இருக்கும்."

"ஆமா."

"ஆனா அந்தப் போத்தனூர்ப் பொண்ணு."

"ஆமா," என்றான் நவநீதன்.

மறுநாள் அவனே குப்பியை எடுத்தான். வேறு யாரையும் எடுக்க விடவில்லை. வெதுவெதுப்பான நீரில் பிடித்து, மெல்ல ஆட்டி ஆட்டிக் கரைக்க வேண்டும். அவன் கை அதற்குப் பழகியது. ஆயிரம் குப்பி கரைத்திருப்பான். கரைந்ததும் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். உருண்டையாக, பளபளவென்று இருந்தன. பெரும்பாலானவை பிழைத்திருந்தன. இது அவள் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. யாருடையதைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். அப்படியும் அவன் கண்ணை எடுக்க நேரமாயிற்று.

தட்டில் தேறட்டும் என்று சில நாள் விட்டான். காலையும் மாலையும் ஊட்டம் மாற்றினான். பிறகு செக்கில் விட்டான். முன்பு போலவே நாலாவது சுற்றில் துவண்டன. பதினெட்டை ஊற்றினான். இந்த முறை யாரும் எதையும் நிறுத்தவில்லை.

எழுந்தன. போன வருஷத்தைவிட வேகமாக எழுந்தன. எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஹக்கீம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்தான். ஒருவேளை மருந்து நல்ல மருந்துதானோ என்று அவனுக்கு ஓர் ஆசை. நவநீதனுக்கும் அந்த ஆசை வந்தது. அப்படியானால் அவள் காய்ச்சலில்தான் போனாள். அப்படியானால் ஜெசிந்தா எழுந்துவிடுவாள்.

இரண்டாம் நாள் எண்ணிக்கை நல்ல உயிரணுக்களுக்குச் சமமாக வந்தது. கோடு நேராக, அழகாக ஓடியது. உள்ளே என்ன நடக்கிறது என்று நவநீதன் ஒரு துளியை எடுத்து, கால்சியத்தைக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்த்தான். கதவு முழுக்கத் திறந்துகிடந்தது. மூடவே இல்லை. கால்சியம் வெள்ளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. உயிரணுக்கள் கொஞ்சம் உப்பியிருந்தன. ஆனால் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒன்றுகூடச் சுணங்கவில்லை.

வசுந்தராவை அழைத்துக் காட்டினான். அவர் பார்த்துவிட்டு, இப்போது செக்கை நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும் என்றார். அவனுக்கும் தெரியும். கதவு மூட அவகாசம் கிடைத்தால் போதும். போன வருஷம் தெரியாமல் கிடைத்தது அதுதான். பிளக் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இந்த இடத்துல நிறுத்தினா குழு ஒத்துக்குமாங்க மேடம்?"

அவர் பொய் சொல்லவில்லை. "கோடு இன்னும் மேலதானே இருக்கு," என்றார்.

நவநீதன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை அவர்கள் வரும்போது கோடு அப்படியேதான் இருந்தது. டீ வந்தது. ஹக்கீம் குடித்தான். கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை ஒரேயடியாக விழுந்தது. சரிவு இல்லை, படி இல்லை. ஒரு சுற்றில் முழுசாக வேலை பார்த்தவை அடுத்த சுற்றில் இல்லை. வாய்க்காலில் உடைந்த துணுக்குகள் மிதந்தன. இயந்திரம் அதன் பிறகும் போலி எதிரிகளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

ஹக்கீம் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

அன்று மாலையே குழு பதினெட்டை நிறுத்தியது. மூன்று வரி எழுதினார்கள். மிருதுளாவின் சாவுக்கான காரணத்தை மாற்றி எழுதலாமா என்று வசுந்தரா கேட்டார். வேண்டாம் என்றான் நவநீதன். தன் அம்மாவுக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஜெசிந்தாவுக்கு மட்டும் தானே போய்ச் சொல்கிறேன் என்றான். மருந்து வேலை செய்யும் என்று அவளிடம் சொன்னது அவன்தான்.

போத்தனூர் வீட்டில் ஜெசிந்தாவின் அம்மா கதவைத் திறந்தார். மெதுவாகப் பேசச் சொல்லி உள்ளே விட்டார். இருட்டு பழகக் கொஞ்சம் நேரம் ஆனது.

"வாங்ணா," என்றது கட்டில். "மருந்தோட வந்திருக்கீங்களா? நடை வெறுங்கை மாதிரி கேக்குது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். செக்கு, பூஜை, ஏறிய கோடு, விழுந்த விதம். அந்த உயிரணுக்கள் யாருடையவை என்பதையும் சொன்னான். அது வரைக்கும் அவளுக்குத் தெரியாது. முடித்ததும் ஜெசிந்தா கண் மேலிருந்த துணியை எடுக்காமலே கேட்டாள்.

"குடிச்சா எத்தன நாளு தாங்கும்ணா?"

"சொல்ல முடியாதுங்க. சில வாரம்."

"நடக்கலாமா?"

"நடக்கலாம்."

"வண்டி ஓட்டலாமா?"

அவன் பேசாமல் நின்றான். ஓட்டலாம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பக் குடுத்துருங்க."

கொடுக்க முடியாது என்றான். அவள் அம்மா வாசலில் விசும்பினார். ஜெசிந்தா அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து மூச்சைச் செலவழிக்க அவளால் முடியாது.

"என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சு வந்திருக்கீங்க. இல்லீங்ணா. இந்த ரூமோட கதவச் சாத்திட்டுப் போறீங்க. ரெஸ்ட் எடுத்தாத் தேறலாம்னு சொல்லுவீங்க. ரெண்டு வருசமா வேற என்ன பண்றேன்? சில வாரம் போதும் எனக்கு. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறோணும். நாப்பது வளைவு. ஒரு வளைவுல கூடக் கால ஊனக் கூடாது. மேல போயி ஒரு டீ. அப்பறம் செத்தா என்ன?"

அவள் களைத்துப்போனாள். மார்பு ஏறி இறங்கியது. நவநீதன் காத்திருந்தான். என்ன சொன்னாலும் அவளுக்கு அது செலவு.

"அந்த அக்கா என்ன பண்ணுனாங்க?" என்றாள் மூச்சு திரும்பியதும். "அந்த வாரமெல்லாம்."

"சந்தோஷமா இருந்தா." யார் கேட்டாலும் சொல்கிற பதில், தானாக வந்தது.

"அது இல்லீங்ணா. என்ன பண்ணுனாங்க?"

நவநீதனிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனும் நினைத்துப் பார்த்ததில்லை. இருட்டில், அந்த வாரங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் ஜன்னல் திரைகளை எல்லாம் இறக்கித் துவைத்தாள். பரணில் ஏறிப் பித்தளைச் சாமான்களை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் அடுக்கினாள். அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சமையலை வாங்கிக்கொண்டாள். படுத்துக் கிடந்த வருஷங்களில் போக முடியாமல் போன கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு வீடுகளுக்கெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். பல்லடம், சூலூர், அன்னூர். போன வீட்டிலெல்லாம் சும்மா இராமல் மாவாட்டிக் கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள். பார்த்தாயா, எப்படி வேலை செய்கிறாள் என்று அந்த வீட்டுக்காரர்கள் போன் செய்து சொன்னார்கள். அவன் அம்மா பூரித்துப்போனார். அவனும்தான். இரவில் பக்கத்தில் வந்து படுக்கும்போது, இன்னும் ரெண்டு வீடுதான் மாமா பாக்கி என்பாள். அது முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய், உனக்கு எங்கே போக வேண்டும் என்று அவன் கேட்டிருக்கலாம். முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

இதையெல்லாம் அவன் ஜெசிந்தாவிடம் சொன்னான். வரிசையாக வரவில்லை. சில வீடுகளின் பெயர் மறந்துவிட்டது. தயங்கி, நினைவுபடுத்திச் சொன்னான்.

ஜெசிந்தா துணியை எடுத்துவிட்டாள். இருட்டில் அவள் கண்கள் அவனைத் தேடுவது தெரிந்தது.

"உங்க ஊட்ல யாருமே உக்காருன்னு சொல்லலீங்களா?"

"இல்லை," என்றான். "நல்லாயிட்டான்னு நெனச்சோம்."

வெளியே ஏதோ ரயில் போயிற்று. பிறகு போர்வைக்குள் ஏதோ அசைந்தது. ஜெசிந்தா கால்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலை நகர்த்தி, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறு காலை நகர்த்தினாள். அந்த அசைவுக்கு அவள் நாளைய பகல் முழுவதையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். அதற்குள் கட்டில் ஓரத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் வந்திருந்தது.

"உக்காருங்ணா," என்றாள். "வந்ததுல இருந்து நின்னுட்டே இருக்கறீங்க."

அவன் உட்கார்ந்தான்.